எட்டு அணிகளில் எட்டாவது

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் கோடையில் நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. முதல் ஆட்டம். மூன்றுக்கு ஒன்று என்று வென்றோம். மூன்று கோல்களில் இரண்டு பதினொன்றாம் இலக்கம் அடித்தவை.
2. இரண்டாவது ஆட்டம். இரண்டுக்குப் பூச்சியம். வெற்றி. முழு நேரமும் மழை.
3. மூன்றாவது ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று. சமநிலை.
4. நான்காவது ஆட்டம். நான்குக்கு இரண்டு. வெற்றி. ஆட்டம் முடிந்து பத்து நிமிடத்தில் எதிரணி முறைப்பாடு கொடுத்தது.
5. அந்த வாரம் புதன்கிழமை மாலை, சங்கக் கூட்டம்.
6. அடுத்த வாரம், நான்கு ஆட்டங்களும் தோல்விகளாக மாற்றப்பட்டன.
7. ஐந்தாவது ஆட்டம். பூச்சியத்துக்கு மூன்று. தோல்வி.
8. ஆறாவது ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று. சமநிலை.
9. ஏழாவது ஆட்டம். ஒன்றுக்கு இரண்டு. தோல்வி.
10. எட்டு அணிகளில் எட்டாவது இடம்.

பட்டியல் என்னுடைய கையெழுத்தில்தான் இருக்கிறது. அணியின் பதிவேட்டை வைத்திருந்தவள் நான். யார் எத்தனையாவது நிமிடத்தில் கோல் அடித்தார், யார் மாற்றப்பட்டார், யாருக்கு எச்சரிக்கை கிடைத்தது என்பதெல்லாம் அதில் உண்டு. ஐந்தாம், ஆறாம் வரிகளில் நடந்ததுதான் அதில் இல்லை.

யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் எட்டின் பழைய மாணவர் சங்கங்கள் சேர்ந்து லண்டனில் ஒரு உதைபந்தாட்ட லீக் நடத்துகின்றன. மே முதல் ஆகஸ்ட் வரை, ஞாயிற்றுக்கிழமைகளில். குளிர்காலத்தில் பூங்காத் திடல்களை வெள்ளைக்காரரின் அணிகள் எடுத்துக்கொள்ளும். அவர்கள் விடுமுறைக்குப் போகும் கோடையில் கவுன்சில் எங்களுக்குத் தரும். கம்பங்கள் மட்டும் நிற்கும். வலையை நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். எங்கள் அணியின் வலை பிளேஸ்டோவில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, அண்ணியின் வெங்காயச் சாக்குக்குப் பக்கத்தில் இருந்தது. அதனால் வலையில் எப்போதும் வெங்காய மணம்.

அண்ணா அணித் தலைவர். ஐந்தாம் இலக்கம், பின்களம், முப்பத்துநான்கு வயது, இரண்டு முழங்காலிலும் பட்டி. நான் அண்ணாவுடனும் அண்ணியுடனும் இருக்கிறேன். மின்னணுவியலில் டிப்ளோமா முடித்து, தொழிற்சாலை ஒன்றில் மின்சுற்றுப் பலகைகளைச் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். பலகையில் பிழை இருந்தால் எங்கே, எப்படி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தால்தான் பதிவேடு என்னிடம் வந்தது. சங்கத்தின் செயலாளருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஷிப்ட். "தங்கச்சி வடிவா எழுதுவா, அவவிட்டக் குடுங்கோ," என்று யாரோ சொல்ல, அப்படியே ஆயிற்று.

அண்ணாவின் கல்லூரி ஆண்கள் கல்லூரி. நான் அதன் வகுப்பறை ஒன்றையும் பார்த்ததில்லை. அண்ணா முதன்முதலில் கல்லூரிச் சட்டை போட்டு ஆடப் போனபோது எனக்கு ஏழு வயது. அன்றைக்கு அவர்கள் தோற்றார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அது இருபத்தைந்து வயதிலும் மாறவில்லை. இதற்கு மேல் காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

லீக் தொடங்கியதிலிருந்து எங்கள் அணி கேடயத்தை வென்றதில்லை. அந்தக் கோடையே தன்னுடைய கடைசிப் பருவம் என்று அண்ணா சொல்லியிருந்தார். முழங்கால்களும் அதையேதான் சொல்லின.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு பின்னேரம் எங்கள் கோல் காப்பாளர், புதிய ஒருவரை வீட்டுக்குக் கூட்டி வந்தார். இருவருக்கும் ஒரே பெற்றோல் நிலையத்தில் வேலை. வந்தவருக்கு இருபத்திரண்டு வயதிருக்கும், ஒல்லி. சப்பாத்தைக் கழற்றி வாசலில் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு, சோபாவின் நுனியில் இருந்தார்.

"எங்கட கிரவுண்டுக்குப் பக்கத்து ஆள் அண்ணை," என்றார் கோல் காப்பாளர். "இடது கால்காரன். பந்து காலை விட்டுப் போகாது."

லீக்கின் விதிப்படி, ஒருவர் ஆடுவதற்கு அந்தக் கல்லூரியின் விடுகைப் பத்திரமோ அதிபரின் கடிதமோ வேண்டும். ஆனால் அந்த ஆண்டுகளில் வந்து சேர்ந்தவர்களில் பலரிடம் ஒரு கடதாசியும் இல்லை. அதிபருக்கு எழுதினால், கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவே மாதக்கணக்காகும். ஆகவே எல்லாச் சங்கங்களும் ஒரு வழக்கம் வைத்திருந்தன. மூத்தவர்கள் கேள்வி கேட்பார்கள். உள்ளே இருந்து படித்தவனுக்கு மட்டும் தெரியக்கூடிய கேள்விகள். சரியாகச் சொன்னால் படிவத்தில் 'உறுதிப்படுத்தப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிடுவார்கள்.

அன்று கேட்பதற்காக வீட்டுக்கு வந்திருந்தவர் சங்கத் தலைவர். ஐம்பது கடந்த கணக்காளர், ஞாயிற்றுக்கிழமையிலும் கழுத்துப்பட்டி கட்டுபவர். அண்ணா அவருக்குப் பக்கத்தில் இருந்தார்.

"சரி தம்பி. மெயின் கேற்றால உள்ள வந்தா வலப்பக்கம் என்ன?"

"சைக்கிள் கொட்டில் ஐயா. அதுக்குப் பின்னால தண்ணி டாங்கி."

"சைக்கிளுக்கு எந்த நாளில காத்துப் போறது?"

"வெள்ளிக்கிழமையில. அண்டைக்குத்தான் பிரின்சிப்பல் வெள்ளன வீட்ட போறவர், காத்துத் திறந்து விடுற பெடியளைப் பிடிக்க ஆள் இல்லை."

தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "உதைபந்தாட்ட மாஸ்டரின்ர விசில் என்ன நிறம்?"

"அவருக்கு எங்க ஐயா விசில்? ரெண்டு விரலை வாயில வச்சு ஊதுவார். ஊதிப்போட்டு அந்த ஈரக் கையாலயே தலையில குட்டுவார்."

அண்ணா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "என்ர தலையைத் தடவிப் பாருங்கோ, இப்பவும் வீங்கித்தான் கிடக்கு!"

"மழைக்கு எந்தக் கோல் பக்கம் வெள்ளம் நிக்கும்?"

"றோட்டுப் பக்கம். டாஸ் வெண்ட கப்டன் மதில் பக்கம்தான் கேப்பார்."

"காணும், காணும், இனிக் கேக்கத் தேவையில்லை," என்றார் தலைவர். "இது எங்கட ஆள்தான்."

அண்ணி தேநீரும் ரோல்ஸும் கொண்டு வந்து வைத்தார். நான் மேசையில் படிவத்தை விரித்தேன். ஆங்கிலப் படிவம். பெயர், முகவரி, பிறந்த தேதி எழுதிய பின் நிமிர்ந்து கேட்டேன்.

"எந்த வருஷத்தில இருந்து எந்த வருஷம் வரை?"

"எண்பதில இருந்து எண்பத்தாறு வரை, ஒவ்வொரு பின்னேரமும் அந்தக் கிரவுண்டிலதான் அக்கா."

நான் கட்டத்துக்குள் 1980–1986 என்று எழுதினேன். அவர் கையெழுத்து வைத்தார். பதினொன்றாம் இலக்கச் சட்டை அவருக்குப் போனது. இனி அவரை அந்த இலக்கத்தாலேயே குறிப்பிடுகிறேன்.

முதல் நான்கு ஆட்டங்களைப் பற்றி ஒரு ரசிகையாக எழுத எனக்கு நிறைய இருக்கிறது, குறைத்துக்கொள்கிறேன். அதுவரை எங்கள் அணி பந்தை உயர அடித்துவிட்டுக் கடவுளை நம்பும் அணி. பதினொன்று வந்த பின் பந்து தரையில் போனது. அவர் இடது ஓரமாக எல்லைக் கோட்டை ஒட்டி ஓடுவார். எதிராளி அருகே வந்ததும் நின்றுவிடுவார். எதிராளியும் நிற்பார். அந்த ஒரு கணத்தில் அவர் மறுபடி ஓடத் தொடங்கியிருப்பார். நிற்பதில்தான் அவருடைய வேகம் இருந்தது என்று முதல் ஆட்டத்தின் குறிப்பில் எழுதியிருக்கிறேன். பதிவேட்டில் அப்படி எழுதக் கூடாதுதான்.

ஓரத்தில் நாங்கள் நிற்கும் இடம் தனி உலகம். பாய், மடக்குக் கதிரை, தோடம்பழத் துண்டுகள், மிளகாய் அதிகமாகப் போட்ட கட்லெட். எதிரணிப் பக்கத்திலிருந்து வாய் ஓயாது.

"ஐயோ, அஞ்சாம் நம்பருக்கு ஆராவது ஒரு கதிரை குடுங்கோ!" என்று ஒருவர் அண்ணாவைப் பார்த்துக் கத்தினார்.

அண்ணி கட்லெட் பெட்டியை மூடாமலேயே பதில் சொன்னார். "கதிரை இருக்குத் தம்பி. உங்கட கோல்கீப்பர் களைச்சுப் போனாரெண்டு அவருக்கெல்லே கொண்டு வந்தனாங்கள்."

ஆட்டம் முடிந்ததும் அணிப் படம் எடுப்பார்கள். பதினொன்று எப்போதும் கமெராவைத் தான் வாங்கிக்கொள்வார். "நான் எடுக்கிறன், நீங்கள் நில்லுங்கோ அண்ணை." நான்கு ஞாயிற்றுக்கிழமைப் படங்களிலும் அவர் இல்லை. கூச்ச சுபாவம் என்று நினைத்தேன்.

நான்காவது ஆட்டம் முடிந்து எல்லோரும் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தபோது, எதிரணியின் ஆதரவாளர் ஒருவர் திடலைக் கடந்து எங்கள் பக்கம் வந்தார். கண்ணாடி போட்டவர், கையில் கார்ச் சாவி. பதினொன்றின் முன் வந்து நின்று முகத்தை உற்றுப் பார்த்தார்.

"டேய், நீ எங்கட டியூசனில மூண்டாம் வாங்கில இருந்தவன்தானே?"

பதினொன்று சப்பாத்தைக் கையில் பிடித்தபடி எழுந்தார். "ஓம் அண்ணை. சுகமா இருக்கிறியளோ?"

"சுகம் கிடக்கட்டும். நீ எப்பயடா இவையின்ர கொலிஜுக்குப் போனனி?"

யாழ்ப்பாணத்தில் கல்லூரிகள் பிரித்து வைத்தவர்களை டியூசன் கொட்டில் ஒரே வாங்குப் பலகையில் இருத்தும். யார் எந்தப் பள்ளிக்கூடம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். எங்கள் தலைவரின் கேள்விகளில் டியூசன் இருக்கவில்லை.

பத்து நிமிடத்தில் முறைப்பாடு எழுத்தில் வந்தது. அதை வாங்கிக் கோப்பில் வைத்தவளும் நான்தான்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தபோது பதினொன்று எங்கள் வீட்டு வாசலில் நின்றார். அண்ணா இன்னும் வரவில்லை. அண்ணி அவரை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார். அவர் குடிக்காமல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

கல்லூரித் திடலின் மதிலுக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய வீடு. அவர் படித்தது இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில். அங்கே திடல் இல்லாததால் விளையாட்டுப் பாடத்துக்குக் கல்லூரித் திடலுக்குத்தான் போவார்கள். பின்னேரங்களில் கல்லூரிப் பெடியளோடு சேர்ந்து ஆடுவார். மாஸ்டர் எல்லோரையும் ஒரே மாதிரிக் குட்டுவார். ஆனால் வேறு கல்லூரிகளோடு ஆட்டம் என்றால் இவர் மதிலில் ஏறி இருந்து பார்க்க வேண்டும்.

"உங்கட பள்ளிக்கூடத்துக்கு இஞ்ச சங்கம் இல்லையோ?" என்று அண்ணி கேட்டார்.

"எங்கட பள்ளிக்கூடத்தில படிச்சவை லண்டனில ரெண்டு பேர் அக்கா. ஒண்டு நான். மற்றது டூட்டிங்கில ஒரு மனுசி, அவவுக்கு மூண்டு பிள்ளையள். ரெண்டு பேரா நிண்டு பதினொரு பேரோட விளையாட ஏலாது."

அண்ணி சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வருந்தியவர் போல அடுப்படிக்குப் போனார்.

"நான் படிவத்தில வருஷம் எழுதேக்க நீங்கள் பாத்தனீங்கள்தானே?" என்று கேட்டேன்.

"பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா எழும்பிப் போகவேணும். தேத்தண்ணி அப்பதான் வந்தது." பிறகு குரல் தாழ்ந்தது. "அக்கா, எனக்குக் கிழமையில ஏழு நாளும் ஒரே மாதிரி. கல்லாப்பெட்டிக்குப் பின்னால நிண்டு கார் நம்பரைப் பாக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எண்டு ஒண்டு வந்தது இந்த நாலு கிழமைதான்."

அண்ணா வருவதற்கு முன் அவர் போய்விட்டார்.

அன்று சாப்பாட்டு மேசையில் அண்ணா லீக்கின் விதிப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். விதி தெளிவாகவே இருந்தது. ஆட்டக்காரர் சங்கத்தை ஏமாற்றியிருந்தால் தண்டனை ஆட்டக்காரருக்கு: லீக்கில் எந்த அணிக்கும் இனி ஆட முடியாது, திடல் பக்கம் வரவும் முடியாது, ஆயுள் முழுவதும். அணியின் புள்ளிகள் அப்படியே நிற்கும். சங்கம் சரியாக விசாரிக்கத் தவறியிருந்தால் தண்டனை அணிக்கு: அவர் ஆடிய ஆட்டங்கள் எல்லாம் தோல்வி. எது நடந்தது என்பதைச் சங்கமே ஒரு வாரத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"தலைவர் கடிதம் எழுதி முடிச்சிட்டார்," என்றார் அண்ணா. "அவன் ஏமாத்திப்போட்டான் எண்டுதான்."

"நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

"மூண்டு வெற்றி, ஒரு டிரோ. நாங்கள் முதலாம் இடத்தில நிக்கிறம். வாழ்க்கையில முதல் தரம். எனக்கு இது கடைசி வருஷம், உனக்குத் தெரியும்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அவன் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே?"

சொல்லியிருக்கலாம். எனக்கும் அதுதான் நோவாக இருந்தது. முதலாம் இடம் என்று பட்டியலில் எழுதும்போது எனக்கு என்ன மகிழ்ச்சி இருந்தது என்று அண்ணாவுக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை தொழிற்சாலையில் மதிய இடைவேளையில், ஒரு பிழை அறிக்கைத் தாளை எடுத்தேன். அதில் மூன்று நிரல்கள் இருக்கும். பலகைக்குள் என்ன அனுப்பினோம், அதிலிருந்து என்ன வந்தது, நாங்கள் என்ன என்று பதிவு செய்தோம். முதல் நிரலில், ஏப்ரலில் எங்கள் வீட்டில் கேட்ட கேள்விகளை நினைவில் இருந்தபடி எழுதினேன். இரண்டாம் நிரலில் அவர் சொன்ன பதில்கள். ஒவ்வொன்றும் உண்மை. 'எங்கட கொலிஜ்' என்ற சொல் அவர் வாயில் ஒரு தடவையும் வரவில்லை. கடைசி வரிக்கு வந்தபோது பேனா நின்றது. நான் கேட்டது: எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை. அவர் சொன்னது: அந்தத் திடலில். நான் பதிந்தது: கல்லூரியில் படித்த ஆண்டுகள்.

கேட்ட கேள்விக்கு வராத பதிலை, வந்ததாக எழுதியிருக்கிறேன். வேலையில் இப்படிச் செய்தால் என்னை அந்த மேசையிலிருந்து எழுப்பிவிடுவார்கள்.

கூட்டம் புதன்கிழமை மாலை ஆறரைக்கு, சங்கத்தின் பொருளாளர் போகும் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு மண்டபத்தில் நடந்தது. வெளியே நல்ல வெயில் இருந்தது. உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர். பதினொன்றை வரச் சொல்லியிருந்தார்கள். வெளியே நடையில் கதிரை போட்டு இருத்தியிருந்தார்கள்.

தலைவர் கடிதத்தை வாசித்தார். நல்ல தமிழ். 'மேற்படி நபர் தம்மைப் பழைய மாணவர் எனப் பொய்யுரைத்து எமது சங்கத்தை ஏமாற்றியுள்ளார்.' அடுத்து அணித் தலைவர் கையெழுத்து வைக்க வேண்டும்.

நான் எழுந்தேன்.

"தங்கச்சி," என்றார் முன்வரிசையிலிருந்த ஒருவர், "இது பழைய மாணவர் கூட்டம். நீங்கள் குறிப்பு எழுதத்தானே வந்தனீங்கள்?"

"ஓம் அண்ணை. எழுதினதைத்தான் வாசிக்கப்போறன்."

மூன்று நிரல்களையும் வாசித்தேன். சைக்கிள் கொட்டிலுக்கும் விசிலுக்கும் இரண்டொருவர் சிரித்தார்கள். கடைசி வரியை வாசித்த பின் சொன்னேன். "அவர் பொய் சொல்லேல்லை. நீங்கள் படிச்சனீங்களோ எண்டு நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. படிவத்தில வருஷம் எழுதினது நான். அது என்ர பிழை."

"கையெழுத்து அவன்ரதானே?" என்றார் முன்வரிசைக்காரர்.

"ஓம். என்ன எழுதியிருக்கு எண்டு தெரிஞ்சுதான் வச்சவர். அதையும் நான் மறைக்கேல்லை."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பியைக் கூப்பிடுங்கோ."

பதினொன்று வந்து கதவருகே நின்றார். வேலைச் சீருடையின் மேல் கோட்டுப் போட்டிருந்தார்.

"நீர் எங்கட கொலிஜில படிச்சனீரோ?" என்று தலைவர் கேட்டார்.

"இல்லை ஐயா."

அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது என்று நினைக்கிறேன். கேள்வி அவ்வளவு சின்னது. பதில் அதைவிடச் சின்னது.

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பன் ஐயா. இண்டைக்குக் கேப்பினம், இண்டைக்குக் கேப்பினம் எண்டு ஒவ்வொரு ஞாயிறும் பயந்துகொண்டுதான் வந்தனான்."

கோல் காப்பாளர் எழுந்து, கூட்டி வந்தவன் தான் என்றும், தானும் கேட்கவில்லை என்றும் சொன்னார். பிறகு எல்லோரும் ஒன்றாகக் கதைத்தார்கள். ஒழுங்கைப் பெடியனுக்காகக் கல்லூரியின் மானத்தைக் கொடுப்பதா என்று ஒருவர். மானம் இருந்தால் உண்மையை எழுதுவோம் என்று இன்னொருவர். கதவருகே நின்றவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தலைவர் கடிதத்தையும் பேனாவையும் அண்ணாவின் பக்கம் தள்ளினார்.

அண்ணா கடிதத்தை எடுத்து முழுவதையும் மறுபடி வாசித்தார். அவர் மெதுவாக வாசிப்பவர். அந்த நேரத்தில் எனக்கு நான்கு ஆட்டங்களும் நினைவுக்கு வந்தன, நிமிடம் நிமிடமாக.

"எனக்கு இவனில கோவம் இருக்கு," என்றார் கடைசியில். "அது வேற. ஆனா அந்தப் புள்ளியெல்லாம் இவன்ர காலால வந்தது. ஆளை வெளியில தள்ளிப்போட்டு அந்தப் புள்ளியை மட்டும் வச்சிருக்க என்னால ஏலாது. இதில நான் கையெழுத்து வைக்கமாட்டன். வேற எழுதுங்கோ."

வாக்கெடுப்பு நடந்தது. சங்கம் விசாரிக்கத் தவறியது என்று எழுத ஏழு கைகள். ஏமாற்றினார் என்று எழுத ஐந்து. எனக்கு வாக்கு இல்லை. எண்ணிச் சொன்னது நான்.

பதினொன்றுக்குத் தடை வரவில்லை; பழைய மாணவர் அல்லாததால் எங்களுக்கு ஆட மட்டும் முடியாது. அணிக்கு நான்கு தோல்விகள் வந்தன. முதலாம் இடத்திலிருந்து எட்டாம் இடத்துக்கு ஒரே வாரத்தில் வந்தோம். ஏமாற்றினார் என்று எழுதக் கை தூக்கிய ஐந்து பேரில் இருவர் ஆட்டக்காரர்கள். அவர்கள் அதன் பிறகு வரவில்லை. முன்வரிசைக்காரரின் மனைவி வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் அண்ணியைக் கண்டும் காணாதது போலப் போனார். ஒரு மாதம் கழித்து அவரே முதலில் கதைத்தார்.

மிச்சம் மூன்று ஆட்டங்கள். கடைசியாக வரும் அணி அடுத்த ஆண்டு வெளியே நிற்க வேண்டும். ஒன்பதாவது கல்லூரி ஒன்று காத்திருந்தது. ஐந்தாவது ஆட்டத்தில் எங்கள் இடது பக்கம் திறந்த கதவு மாதிரி இருந்தது. ஆறாவதில் ஒரு கோலை ஐம்பது நிமிடம் காப்பாற்றி, முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது விட்டோம். மூன்று ஞாயிறும் பதினொன்று வந்தார். முதல் நாள் தூரத்தில் மரத்தடியில் நின்றார். அண்ணி போய், "ஏன் அங்க நிக்கிறீர், வலையை ஆர் கட்டுறது?" என்று கேட்டுக் கூட்டி வந்தார். ஏழாவது ஆட்டத்தன்று எங்கள் பாயில் இருந்து எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்தினார்.

அந்த ஏழாவதை வென்றிருந்தால் ஏழாம் இடம் கிடைத்திருக்கும். ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. முடிவதற்குச் சற்று முன் ஒரு உயரப் பந்து வந்தது. அண்ணா துள்ளினார், துள்ள வேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தி. பந்து அவர் தலைக்கு மேலால் போக, பின்னால் நின்றவர் அதைச் சும்மா தட்டி விட்டார்.

விசில் அடித்த பின்னும் அண்ணா புல்லில் இருந்தார். பதினொன்று தண்ணீர்ப் போத்தலோடு போய்ப் பக்கத்தில் குந்தினார். நானும் போனேன்.

"நீ விளையாடியிருந்தா உது நடந்திராது," என்றார் அண்ணா.

"நடந்திருக்கும் அண்ணை. நான் எண்டைக்குப் பின்னுக்கு வந்து பந்து தடுத்தனான்?"

அண்ணா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு போத்தலை வாங்கிக் குடித்தார். "உண்மைதான். சரியான பஞ்சிக்காரன் நீ," என்றார். முழங்கால் பட்டியைக் கழற்றியபடி சிரிக்கத் தொடங்கினார்.

இதை எழுதும்போது அந்தப் பருவம் முடிந்து ஏழு மாதங்கள். நல்ல காரியம் செய்தாய் என்று என்னிடம் சிலர் சொல்கிறார்கள். நான் செய்தது ஒரு பிழையைத் திருத்தியது. அதுவும் என் பிழை. ஏப்ரலில் சரியாகக் கேட்டிருந்தால், அவர் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போயிருப்பார். நாங்கள் வழக்கம்போல நாலாவதோ ஐந்தாவதோ வந்திருப்போம். எவருக்கும் ஒரு நட்டமும் இல்லை, ஒருவரைத் தவிர. இதை நினைக்கும்போது பிழை விட்டதற்கு நான் முழுமையாக வருந்தவில்லை என்று தெரிகிறது. ஒரு சோதனையாளர் இப்படிச் சொல்லக் கூடாது.

அதே நேரம், எட்டாவது இடம் நோகிறது. சனிக்கிழமைகளில் அப்டன் பார்க்கில் பெரிய கிளப்பின் ஆட்டம் முடிந்து கூட்டம் தலை குனிந்து கிறீன் ஸ்ட்ரீட்டில் நடந்து போகும்போது, மரக்கறிப் பையோடு நின்று அந்த முகங்களைப் பார்ப்பேன். அவர்கள் தோற்றதற்கு நியாயமான காரணம் இருக்கிறதா என்று அவர்களில் யாரும் யோசிப்பதாகத் தெரியாது. தோற்றால் நோகும். எனக்கும் அப்படித்தான். கொடுத்துவிட்ட புள்ளிகள் சரியாகத்தான் கொடுக்கப்பட்டன என்று தெரிந்தும், பட்டியலின் பத்தாம் வரியை என்னால் வேகமாகப் படித்துக் கடக்க முடிவதில்லை.

சங்கத்தின் படிவம் மாற்றப்பட்டிருக்கிறது. முதல் கேள்வி: 'நீங்கள் இந்தக் கல்லூரியில் படித்தீர்களா? ஆம், இல்லை.' தலைவரே தன் கையால் எழுதினார். வாய்க் கேள்விகளையும் விடவில்லை; அவருக்கு அவை பிடிக்கும்.

இப்போதைய நிலை இது. வரும் கோடையில் லீக்கில் எங்கள் அணி இல்லை. ஆறு நட்பு ஆட்டங்கள் ஒழுங்கு செய்திருக்கிறோம். அவற்றுக்குப் படிவம் தேவையில்லை. அண்ணா ஆடுவதை நிறுத்தவில்லை. ஆட்டக்காரர் பட்டியலில் பன்னிரண்டு பேர். பழைய மாணவர்கள் பதினொரு பேர், மற்றவர் இடது பக்கம் ஆடுகிறார். பயிற்சி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு.